கை பட்டதா, கம்பி விட்டதா?

வானகரத்தில் மகள் வீட்டுத் தெரு பெரிய ரோட்டில் சேருகிற இடம். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி வெயில். எங்கள் கார் ரோட்டின் நடுவில் குறுக்காக நிற்கிறது. என் கணவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். என்ஜின் கத்துகிறது. கார் நகரவில்லை.

வலது பக்கத்திலிருந்து ஒரு தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது. ஹாரனை அழுத்தியபடியே வந்தது. எனக்கு அந்த ஹாரன் சத்தத்தைவிட, லாரியின் டயர் தார் ரோட்டில் தேய்ந்த சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு முழம் இடைவெளியில் நின்றது. தொட்டியிலிருந்து தளும்பிய தண்ணீர் எங்கள் கண்ணாடிமேல் சடசடவென்று கொட்டியது.

பின் சீட்டில் என் மகள் நித்யா. பக்கத்தில் அவள் பெண் யாழினி, ஐந்து வயது. நித்யா முன்பக்கம் எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

"அப்பா! வண்டி நியூட்ரல்ல இருக்குப்பா. கைய லிவர் மேல வெச்சிருக்கீங்க பாருங்க!"

அவள் சொன்னது உண்மை. திரையில் நியூட்ரலுக்கான எழுத்து விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அவருடைய இடது கை கியர் லிவர்மேல் இருந்தது.

"நான் தொடல," என்றார் அவர். "கை சும்மாதான் இருந்துச்சி. நான் தள்ளவே இல்ல."

லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "யோவ் பெர்சு! ஓட்டத் தெர்லன்னா ஊட்ல குந்திக்கினு கெட!"

வண்டியை அணைத்து மறுபடி சாவியைத் திருப்பியதும், ஒன்றுமே நடக்காததுபோல் கார் கிளம்பிவிட்டது. கோவில்பதாகையில் எங்கள் வீடு வந்து சேரும்வரை யாழினி மட்டும், "பாட்டி, மழை பெஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

இடது கை

என் கணவர் தனசேகர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குகிற பஸ். அதில் அவர் ஒரு சைக்கிளைக்கூட உரசியது கிடையாது. நான் பெருமைக்குச் சொல்லவில்லை. அவர்தான் அடிக்கடி பெருமையாகச் சொல்வார்.

மூன்று வருடம் முன்பு ஒரு காலை, முகம் மழித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப்போனவரும் விழுந்தார். பக்கவாதம். இடது கை, இடது கால். பிழைத்ததே பெரிது என்றார்கள். ஒரு வருடத்தில் நடக்க ஆரம்பித்தார். ஆனால் கிளட்ச் மிதிக்க இடது காலில் பலம் வரவில்லை.

டாக்டர் சோதித்துவிட்டு, ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்த அன்று அவர் வீட்டுக்கு வந்து அழுதார். பழைய வண்டி ஒன்றை வாங்கினோம். அதில் கிளட்ச் மிதி கிடையாது. கிளட்ச்சையும் கியரையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கிற கணினியும் ஒரு எண்ணெய் பம்பும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும். லிவரை 'டி' என்கிற இடத்தில் வைத்தால் போதும்.

அந்த லிவர் இருப்பது டிரைவருக்கு இடது பக்கம். அதாவது, எந்தக் கையை நோய் தொட்டுவிட்டுப் போனதோ அந்தக் கைப் பக்கம்.

அந்தக் கை சில நேரம் அவருக்கே தகவல் சொல்லாது. காபி டம்ளர் நழுவித் தரையில் உருண்ட பிறகுதான், "அட" என்பார். அதனால், நித்யா கத்தியபோது நான் அவள் பக்கம்தான் மனதுக்குள் சாய்ந்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இத்தனைக்கும் அது முதல் தடவை இல்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பு சேக்காட்டில் ஒரு வேகத்தடை ஏறி இறங்கியதும் இதேபோல் வண்டி இழுக்காமல் நின்றது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். பின்னால் வண்டி எதுவும் வராததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல மேடம்"

வண்டியை ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டோம். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். டை கட்டிய பையன் ஒருவன் டேப்லட்டை என்னிடம் நீட்டினான்.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல மேடம். எல்லாம் க்ளீன். ஓட்டியும் பாத்துட்டோம்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "சாருக்கு கை கொஞ்சம்... தெரியாம லிவர்ல பட்டு நியூட்ரலுக்குப் போயிருக்கும். பாத்துக்குங்க."

குரலைத் தாழ்த்தியவன், என் கணவர் எனக்குப் பின்னால் நிற்கிறார் என்பதைக் கவனிக்கவில்லை.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வந்திருக்கலாம். அவரே ஓட்டினார். இருபது கிலோமீட்டர் வேகம். இடது கையை மடியில் போட்டு, சட்டை நுனிக்குள் செருகிவைத்திருந்தார். வீடு வந்ததும் சாவியை என் கையில் கொடுத்தார்.

"நித்யா சொல்றது கரெக்ட்டு. வண்டில கொயந்த இருந்துச்சி."

நித்யா தினமும் போன் செய்தாள். "அம்மா, சின்னதா இன்னொரு ஸ்ட்ரோக் வந்திருந்தா? டாக்டரைப் பாத்துடலாம்." பார்த்தோம். புதிதாக ஒன்றும் தெரியவில்லை என்றார் டாக்டர். ஆனால், "கை எப்போ என்ன செஞ்சதுன்னு என்னால சொல்ல முடியாதும்மா," என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியம்தான் எங்களோடு வீட்டுக்கு வந்தது.

நான் அவரைச் சோதிக்க ஆரம்பித்தேன். காலையில் எழுந்ததும் "சிரிங்க" என்பேன், வாய் கோணுகிறதா என்று பார்க்க. "ரெண்டு கையையும் தூக்குங்க" என்பேன். நான்காவது நாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் இன்னா எல்.கே.ஜி. புள்ளையா? சும்மா சிரி, கைய தூக்குன்னுகினு."

மறுநாள் நான் கீரை வாங்கிக்கொண்டு வந்தபோது அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு எவர்சில்வர் டம்ளர்மேல் இடது கையை வைத்திருந்தார். கை நகர்கிறதா, டம்ளர் நகர்கிறதா என்று தனக்குத் தெரிகிறதா எனப் பார்க்கிறார். நான் வந்த சத்தம் கேட்டும் கண்ணைத் திறக்கவில்லை.

"கஸ்தூரி, எனக்கே தெர்ல. தொட்டனா, இல்லியான்னு."

லாரிக்கு முன்னால் "நான் தொடல" என்று உறுதியாகச் சொன்ன மனிதர். பத்து நாளில் இந்த நிலைக்கு வந்துவிட்டார். கீரைக்கட்டைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, பரணில் இருந்த என் பழைய மல்டிமீட்டரை, மின்சாரம் அளக்கிற கருவியை, தேடி எடுத்தேன்.

சுகந்தி

அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்கு ஒயர்க் கட்டு தயாரிக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்ததைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். சுகந்தியைப் பற்றி எழுதவில்லை. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

ஒயரை வெட்டி, நுனியைச் சீவி, ஒரு செம்புக் கொண்டியில் வைத்து மெஷினில் அழுத்துவார்கள். கொண்டியின் காது மடங்கி ஒயரைக் கவ்விக்கொள்ளும். இதற்கு கிரிம்ப் என்று பெயர். அந்தக் கவ்வல் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது என் வேலை. சூடான பிளாஸ்டிக் வாசனை, நாள் முழுக்க மெஷின் போடும் டக், டக். இப்போதும் சில சமயம் அது கனவில் வரும்.

ஒரு சமயம் சுகந்தியின் மெஷினிலிருந்து வந்த ஒயர்கள் இழுத்தால் கழன்று வந்தன. திருமுல்லைவாயலிலிருந்து வருகிற பெண். அதிகம் பேசமாட்டாள். "மேடம், நான் சரியாத்தான் வெக்கிறேன்," என்றாள். ஒரே ஒரு தடவை. நான் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டாள்.

அவள் இடத்துக்கு வந்த பெண்ணின் ஒயர்களும் கழன்றன. மெஷினைப் பிரித்துப் பார்த்தார்கள். அடி அச்சு ஒரு மயிரிழை அளவு தேய்ந்திருந்தது. அச்சை மாற்றினோம். நான் எழுதிய தாளை யாரும் மாற்றவில்லை. நானும் மாற்றவில்லை. அவள் வீடு எங்கே என்று விசாரித்துப் போயிருக்கலாம். போகவில்லை.

எல்லாமே சரி

அடுத்து வந்த திங்கட்கிழமை காலை வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, டயருக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்து, கைபிரேக் போட்டுவிட்டு பானட்டைத் திறந்தேன். ஸ்டியரிங்குக்கு அடியில் செருகினால் போனில் பழுதுகளைக் காட்டும் ஒரு சின்னக் கருவியும் வாங்கியிருந்தேன்.

போன் சொன்னது: பழுது எதுவும் பதிவாகவில்லை.

பேட்டரியை அளந்தேன். நன்றாக இருந்தது. என்ஜின் ஓடும்போது அளந்தேன். அதுவும் சரி. மறுநாள் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். ஒன்றுகூடப் போகவில்லை. லிவருக்கு அடியில் இருக்கிற ஒயர்களைப் பார்த்தேன். லிவரை நகர்த்த நகர்த்த போனில் எழுத்து சரியாக மாறியது. மூன்றாவது நாள் பானட்டுக்குள் இருக்கிற இணைப்புகளைக் கழற்றி, துடைத்து, 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினேன்.

எல்லாமே சரியாக இருந்தது. வேறு எந்த வண்டியாக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன். இங்கே, மீட்டர் 'சரி' என்று காட்டக் காட்ட, ஏதாவது ஒன்று கெட்டிருக்காதா என்று மறுபடி மறுபடி அளந்தேன். வண்டியில் தப்பு இல்லை என்றால் அவரிடம்தான் தப்பு.

அவர் கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரமாக ஒரே பக்கம். எதிர் வீட்டுப் பெண் மாடியிலிருந்து, "இன்னாக்கா, ரிட்டயர் ஆயி மெக்கானிக் ஆயிட்டியா?" என்றாள். நான் சிரித்து வைத்தேன்.

பூந்தமல்லியில் ரஹீம் பாய் என்று ஒருவர் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை செய்கிறார். கம்பெனி நாட்களிலிருந்து பழக்கம். அவருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஸ்கேன்ல ஒண்ணும் வரலயா? அக்கா, ஒண்ணு கேக்குறேன். பழுதை எயுதி வெக்கிறது யாரு?"

"கியர் கம்ப்யூட்டர்தான்."

"அந்தப் பொட்டிக்கே கரண்ட்டு பூட்ச்சின்னா, அது இன்னாத்த எயுதும்?"

போனை வைத்தேன். நேராகப் போய் என் கணவருக்கு எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏங்க, அன்னிக்கு வண்டி நிக்கறதுக்கு முன்னாடி என்னா ஆச்சு? மொதல்லேர்ந்து சொல்லுங்க."

பேப்பரை மடித்தார். முப்பது வருட டிரைவர் பேச ஆரம்பித்தார்.

"ரெண்டு வாட்டியும் வண்டி தூக்கிப் போட்டுச்சி. சேக்காட்ல ஸ்பீடு பிரேக்கரு. வானகரத்துல ரோடு ஓரத்துப் பள்ளம். போட்ட ஒடனே கியர் காட்டுற எழுத்து அணைஞ்சி எரிஞ்சிச்சி, கண்ணு மூடித் தொறக்கற மாரி. அப்பால கீழ அந்த பம்பு ஒண்ணு 'ங்ஙீ'ன்னு சவுண்டு குடுக்கும் பாரு, வண்டி எடுக்கறப்போ வருமே, அது வந்துச்சி. ஓடிக்கினு கீற வண்டில அது எதுக்கு வரணும்?"

 ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினி செத்துப் பிழைத்திருக்கிறது. பிழைத்து எழுந்ததும், பாதுகாப்புக்காக நியூட்ரலில் போய் நின்றிருக்கிறது.

"இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டீங்க? எல்லாரும் கையப் பத்திதான கேட்டீங்க."

ஜன்னலுக்கு வெளியே

மின்சாரம் ஒரு ஒயரில் போனால் இன்னொரு ஒயரில் திரும்பி வர வேண்டும். வண்டியில் திரும்பி வருகிற வழி, அதன் இரும்பு உடம்புதான். கணினிப் பெட்டியிலிருந்து ஒரு கருப்பு ஒயர் வந்து உடம்பில் போல்ட் போட்டு முறுக்கியிருக்கும். எர்த் என்பார்கள். அது தளர்ந்தால் பேட்டரி எவ்வளவு நன்றாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. நான் அதை அளந்திருந்தேன். ஆனால் பெட்டி சும்மா இருக்கும்போது அளந்துவிட்டேன். வேலை செய்யும்போது அளக்க வேண்டும். இருபத்திரண்டு வருட அனுபவத்தில் அந்தத் தப்பு.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். என்ஜினைப் போடாமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னேன். வலது காலால் பிரேக்கை மிதித்து, லிவரை 'டி'யில் வைக்கச் சொன்னேன். திரையில் 'டி' வந்தது.

"இப்போ ரெண்டு கையையும் ஜன்னலுக்கு வெளிய நீட்டுங்க."

"எதுக்கு?"

"நீட்டுங்க. நான் பாக்கணும்."

நீட்டினார். வலது கை நேராக வந்தது. இடது கையை வலது கையால் பிடித்து இழுத்து வெளியே வைத்தார். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் பக்கத்திலும் இன்னொன்றை பெட்டியின் எர்த் ஒயரிலும் மாட்டியிருந்தேன். பூஜ்யம் காட்ட வேண்டும். பம்பு ஓடியபோது பூஜ்யத்தைவிட்டு எகிறியது.  மரக்கரண்டியின் காம்பால் அந்தக் கருப்பு ஒயரை, வண்டி குலுங்குகிற மாதிரி, மெதுவாக ஆட்டினேன்.

ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை. ஒன்றும் இல்லை. அவர் கைகள் வெயிலில் நீட்டியபடியே இருந்தன. கீழே, பேட்டரி தட்டுக்கு அடியில் ஒயர் மடிகிற இடத்தில் தட்டினேன்.

மீட்டரில் எண்கள் தாறுமாறாக ஓடின. பம்பு இழுத்துக்கொண்டு நின்றது.

"கஸ்தூரி!" அவர் குரல் உடைந்திருந்தது. "பூட்ச்சி! 'டி' பூட்ச்சி! நான் எதையும் தொடல, பாத்துக்கோ!"

பார்த்தேன். இரண்டு கையும் ஜன்னலுக்கு வெளியே இருந்தன. இடது கை எப்போதும்போல் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் விரிந்து, வெறும் காற்றில். ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். நியூட்ரல் எழுத்து விட்டுவிட்டு எரிந்தது.

பேட்டரியைக் கழற்றித் தட்டையும் எடுத்தேன். அடியில் அந்த எர்த் ஒயரின் கொண்டி இருந்தது. மேலே பிளாஸ்டிக் உறை புதுசுபோல் இருந்தது. கம்பெனியில் செய்வதுபோல் இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. உள்ளே செம்பு பச்சை பூத்து மாவாகியிருந்தது. நாலைந்து இழைதான் மிச்சம். போன மழையில் தெருவில் நின்ற தண்ணீரா, அதற்கு முன்பே பேட்டரி மாற்றியவர்கள் முறுக்கியதா, தெரியவில்லை.

சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மெதுவாக இறங்கி வந்து, அந்தக் கொண்டியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"நீயும் என் கைதான்னு நெனச்சியா?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"ஆமாங்க."

கொண்டியை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "நானும்தான்," என்றார்.

சேக்காட்டு வேகத்தடை

மறுநாள் ரஹீம் பாய் வந்தார். போல்ட் இருந்த இடத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, புதுக் கொண்டி வைத்து அழுத்தி, துணைக்கு இன்னொரு எர்த் ஒயரும் போட்டார். "அக்கா, நீயே இஸ்த்துப் பாரு," என்றார். பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். வரவில்லை.

சேக்காட்டு வேகத்தடையில் ஆறு தடவை ஏறி இறங்கினோம். வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஏழாவது தடவை அவர் சொன்னார்: "ரோட்டப் பாரு கஸ்தூரி. என் கையப் பாக்காத."

அப்போதுதான் தெரிந்தது, ஆறு தடவையும் நான் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று.

ஞாயிற்றுக்கிழமை நித்யா வந்தாள். மேசைமேல் அந்தப் பழைய கொண்டி இருந்தது. போனில் எல்லாம் சொல்லியிருந்தேன். எடுத்துப் பார்த்தாள். பச்சை விரலில் ஒட்டியது. அவர் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு கை கழுவப் போய்விட்டாள்.

சாப்பிட்டதும் யாழினி ஐஸ்கிரீம் கேட்டாள். ஆவடி மார்க்கெட் பக்கம் போகவேண்டும். அவர் எங்களைப் பார்த்தார். நித்யா என்னைப் பார்த்தாள். பிறகு யாழினியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். ஏறப்போகிறாள் என்று நினைத்தேன். கதவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு மூடினாள்.

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்கப்பா. அம்மாவும் நானும் இங்க இருக்கோம்."

அவர் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வண்டி தெருமுனை திரும்பியது. நாங்கள் உள்ளே போகவில்லை. இருவர் கையிலும் போன். இருபது நிமிடத்தில் வந்துவிடலாம். இருபது ஆயிற்று, இருபத்தைந்து ஆயிற்று. ஏதோ ஒரு லாரி ஹாரன் தூரத்தில் கேட்டது. நித்யா என் தோளைப் பிடித்தாள்.

"கால் பண்ணட்டுமாம்மா?"

"வேணாம். ஓட்டிக்கிட்டு இருப்பாரு."

முப்பத்தைந்தாவது நிமிடம் வெள்ளை பானட் முனையில் தெரிந்தது. நிதானமாக வந்து எங்கள் முன்னால் நின்றது. பின் சீட்டில் யாழினியின் வாயைச் சுற்றிச் சிவப்பு ஐஸ். அவர் ஜன்னலை இறக்கினார். எங்கள் இருவரையும், கைகளிலிருந்த போன்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இன்னா, ரெண்டு பேரும் சிக்னல் கம்பம் மாரி நின்னுகினு கீறீங்க? வயிய உடுங்க, வண்டிய உள்ள உடணும்."